திருமணச் செலவு எங்கே பெருகுகிறது, எங்கே குறையும்?

2025-ஆம் ஆண்டு தொடங்கியபோது சென்னையில் ஏறத்தாழ 57,000 ரூபாயாக இருந்த ஒரு பவுன் ஆபரணத் தங்கம், அதே ஆண்டு டிசம்பரில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. மகளுக்கு இருபது பவுன் என்று கணக்குப் போட்டு வைத்திருந்த குடும்பம், ஒரு குண்டுமணி கூடுதலாக நினைக்காமலேயே எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல் பின்தங்கிப்போனது. திருமணத்தைச் சிக்கனமாக நடத்துவது எப்படி என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்தது. கிடைக்கும் பதில்களோ பெரும்பாலும் சில்லறைச் செலவுகளைச் சுற்றியே நிற்கின்றன: பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், மேடை அலங்காரத்தைக் குறைக்கலாம், தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் வேறு ஏதாவது வைக்கலாம். செலவு எந்த இடத்தில் உருவாகிறது, அதை முடிவு செய்பவர் யார் என்பதைப் பார்க்காமல் இவற்றைச் செய்தால் மிச்சமாவது சொற்பமே.

கீழே எடுத்துக்காட்டுகளில் வரும் சாப்பாட்டு விலையும் தங்கத்தின் விலையும் கணக்கு விளங்குவதற்காகக் கொள்ளப்பட்டவை. அவரவர் ஊர் விலையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

1. சட்டம் கேட்பது எவ்வளவு?

திருமணம் வேறு, திருமண விழா வேறு. முன்னது ஒரு சட்ட உறவு. பின்னது உறவையும் ஊரையும் கூட்டிச் செய்யும் விருந்து. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் எது கட்டாயம், எது விருப்பம் என்பது தெளிவாகும்.

தமிழ்நாட்டில் இந்துக்களுக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின் வழியே, 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சுயமரியாதைத் திருமணம் அல்லது சீர்திருத்தத் திருமணம் என்று அப்பிரிவு குறிப்பிடும் முறையில், உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகத் தமக்குப் புரிந்த மொழியில் சொன்னாலும் போதும். மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் போதும். புரோகிதரோ ஓமமோ தேவையில்லை. இத்தகைய திருமணம் ஊரறிய நடந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. "பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும்" என்று பலரும் நினைக்கிறார்கள். இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ், எந்தச் சடங்கும் நடக்காமல் சான்றிதழ் மட்டும் பெறுவது திருமணமாகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே மாலை மாற்றுவதோ தாலி கட்டுவதோ முதலில் நடக்க வேண்டும். பதிவு அதன் பிறகு. சடங்கே வேண்டாம் என்பவர்களுக்கும், வேறு வேறு மதத்தைச் சேர்ந்தவர்களுக்கும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதில் 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் தேவை. எந்த முறையில் நடந்தாலும் 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி 90 நாள்களுக்குள் பதிவு செய்துகொள்வது கட்டாயம்.

சட்டம் கேட்பதை மட்டும் செய்து முடிக்கச் சில ஆயிரம் ரூபாய் போதும். மீதி எல்லாமே விழாவின் செலவு.

2. முடிவு ஒரு வீட்டில், பணம் இன்னொரு வீட்டில்

விழாச் செலவு கட்டுக்குள் நிற்காததற்கு முதல் காரணமாக ஆடம்பர ஆசையைச் சொல்வது வழக்கம். அதைவிட ஆழமான காரணம், முடிவெடுப்பவரும் பணம் கொடுப்பவரும் ஒருவராக இல்லாமல் இருப்பதே. யார் எதைச் செய்வது என்பது ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி மாறும் என்றாலும், பல இடங்களில் மண்டபமும் முகூர்த்தச் சாப்பாடும் பெண் வீட்டார் பொறுப்பு. ஆனால் "எங்கள் பக்கம் நானூறு பேர் வருவார்கள்" என்று சொல்வது மாப்பிள்ளை வீடு. எந்த மண்டபம், எத்தனை வகைப் பதார்த்தம், கார் நிறுத்த எவ்வளவு இடம் என்பவையும் பல நேரங்களில் அங்கேயே முடிவாகின்றன. தன் கைப்பணம் போகாத இடத்தில் யாரும் எண்ணிக்கையைக் குறைக்க மாட்டார்கள். இது குணக்கேடு என்று சொல்லத் தேவையில்லை. ஏற்பாடே அப்படி அமைந்திருக்கிறது.

எனவே சிக்கனத்தின் முதல் படி, நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இரு வீட்டாரும் உட்கார்ந்து, இலைக்கு ஆகும் செலவை அவரவர் அழைக்கும் விருந்தினர் எண்ணிக்கைப்படி பங்கிட்டுக்கொள்வதுதான். "மொத்தத்தில் பாதிப் பாதி" என்பதைவிட "உங்கள் இலைக்கு நீங்கள், எங்கள் இலைக்கு நாங்கள்" என்பது மேலான ஏற்பாடு. ஏனெனில் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பவரே அதற்கு உரிய பணத்தையும் எண்ணிப் பார்க்க நேர்கிறது. வரவேற்பை மாப்பிள்ளை வீட்டாரும் முகூர்த்தத்தைப் பெண் வீட்டாரும் ஏற்கும் பழைய வழக்கமும் ஓரளவு இதைச் செய்கிறது.

நகை விஷயத்தில் இந்தப் பேச்சு இன்னும் கூச்சத்தோடு நடக்கும். "உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்ற வாக்கியத்தில் தொகை எதுவும் இல்லை. ஆனால் மூத்த மருமகளுக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்பது அடுத்த பேச்சில் எப்படியும் வந்துவிடும். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், திருமணத்தை ஒட்டி நேராகவோ மறைமுகமாகவோ கொடுக்கப்படுவதையும் கொடுக்க ஒப்புக்கொள்ளப்படுவதையும் வரதட்சணையாகவே கொள்கிறது. வாங்கியவருக்கு மட்டுமின்றிக் கொடுத்தவருக்கும் ஐந்து ஆண்டுக்குக் குறையாத சிறையும், 15,000 ரூபாய் அல்லது வரதட்சணையின் மதிப்பு, இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதமும் உண்டு. கேட்காமல் வழக்கப்படி கொடுக்கும் அன்பளிப்புகளைப் பட்டியலிட்டு, மதிப்பையும் கொடுத்தவர் பெயரையும் எழுதி மணமக்கள் கையெழுத்திட்டு வைக்க வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. இந்தப் பட்டியலை எழுதும் வீடுகள் மிகக் குறைவு. பிற்காலத்தில் தன் நகைக்கு உரிமை கோர வேண்டிய நிலை வந்தால் ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பெரிய துணை இல்லை என்பதால், செலவே இல்லாத இந்தக் காரியத்தை விட்டுவிடக் கூடாது.

3. இலைக் கணக்கு

சமையல் ஒப்பந்தக்காரர்கள் "இலைக்கு இவ்வளவு" என்றே பேசுவார்கள். வழக்கமான இரண்டு நாள் திருமணத்தில் மூன்று வேளைப் பந்தி உண்டு: முதல் நாள் மாலை வரவேற்பு விருந்து, மறுநாள் காலைச் சிற்றுண்டி, முகூர்த்தச் சாப்பாடு. வரவேற்பில் 600 இலை, இலைக்கு 400 ரூபாய். காலையில் 400 இலை, 200 ரூபாய். மதியம் 500 இலை, 350 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முறையே 2,40,000, 80,000, 1,75,000 என மொத்தம் 4,95,000 ரூபாய் ஆகிறது. இந்தக் கணக்கை வைத்து மூன்று வகைச் சிக்கனத்தை ஒப்பிடலாம்.

1. ஆயிரம் பத்திரிகை அடிக்கிறார்கள். ஒன்று 40 ரூபாய்க்குப் பதில் 20 ரூபாய்க்கு அடித்தால் மிச்சம் 20,000 ரூபாய்.

2. விருந்தினரில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் சாப்பாட்டில் மட்டும் 99,000 ரூபாய் மிச்சம். தாம்பூலப் பை, தங்கும் அறை, வண்டி என்று தலைக்கணக்கில் ஏறும் பிற செலவுகளும் கூடவே இறங்கும்; சிறிய மண்டபமே போதும் என்றாகிவிட்டால் வாடகையும் இறங்கும்.

3. முதல் நாள் வரவேற்பை விட்டு, முகூர்த்தம் முடிந்ததும் அதே மேடையில் வரவேற்பை நடத்தினால் 2,40,000 ரூபாய் நேராகக் குறைகிறது. மாலையில் வந்திருக்கக்கூடியவர்களில் 200 பேர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தால் 70,000 ரூபாய் கூடும். அதைக் கழித்தாலும் 1,70,000 ரூபாய் மிச்சம்.

பந்தியில் ஒரு பாயசத்தையோ ஓர் இனிப்பையோ குறைப்பதால் இலைக்குச் சில ரூபாய்தான் இறங்கும். வந்தவர் மனக்குறையோ அதைவிட நெடுநாள் நிற்கும். வகையைக் குறைப்பதைவிட வேளையைக் குறைப்பதும் ஆளைக் குறைப்பதும் மேல். 2020-இலும் 2021-இலும் பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டால் 50 பேருடன் நடந்த திருமணங்களில் சாப்பாட்டின் தரம் குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை.

ஒப்பந்தத்தில் "குறைந்தபட்ச இலை" என்று ஓர் எண் இருக்கும். வந்தவர் அதற்குக் குறைந்தாலும் அந்த எண்ணுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். கூடினால் கூடிய இலைக்கு மட்டும் தனிப்பணம். ஆகவே குறைந்தபட்ச எண்ணைத் தாழ்த்திச் சொல்லி, கூடுதல் இலைக்கு என்ன விலை என்பதையும் அப்போதே எழுதி வாங்குவது நல்லது. பந்திக்குப் பந்தி இலையை எண்ண இரு வீட்டிலும் ஆளுக்கு ஒருவரை நிறுத்த வேண்டும்.

4. பட்டியல் ஏன் குறைவதில்லை: மொய்

ஆளைக் குறை என்று சொல்வது எளிது. பட்டியலை எடுத்து உட்கார்ந்தால் ஒரு பெயரையும் அடிக்க முடியாது; அதற்குப் பெருமை மட்டும் காரணமில்லை. பல ஆண்டுகளாகப் பிறர் வீட்டு விசேஷங்களில் எழுதிய மொய் திரும்பி வரும் நாள் இது. மொய் நோட்டு என்பது ஊரே சேர்ந்து நடத்தும் வட்டியில்லாக் கடன் பேரேடு. புதுக்கோட்டை மாவட்டத்தின் வடகாடு, கீரமங்கலம் பக்கமும் தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணிப் பக்கமும் வீட்டில் விசேஷமே இல்லாமல் இதற்கென்றே மொய் விருந்து வைக்கும் அளவுக்கு இது வளர்ந்திருக்கிறது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. வரும் மொய்யில் ஒரு பகுதிதான் ஏற்கெனவே கொடுத்தது திரும்புவது. மீதி, இனி கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். "மொய் வந்ததும் மண்டபப் பாக்கியைக் கொடுத்துவிடலாம்" என்று திட்டமிடுவது ஒரு கடனை வைத்து இன்னொன்றை அடைப்பதுதான். அடுத்தது, நால்வராக வரும் குடும்பம் 500 ரூபாய் மொய் எழுதி 350 ரூபாய் இலையில் உட்கார்ந்தால் செலவு 1,400 ரூபாய். கூட்டத்தைப் பெருக்கி மொய்யால் ஈடுகட்டலாம் என்ற கணக்கு இங்கேயே பொய்க்கிறது.

பட்டியலைக் குறைக்க வேண்டுமானால் மொய் நோட்டிலிருந்தே தொடங்கலாம். நாம் எழுதி இன்னும் திரும்பாத வீடுகள், நெருங்கிய உறவு, மணமக்களின் நண்பர்கள் ஆகியோர் முதல் வட்டம். அலுவலகப் பழக்கம், தொழில் பழக்கம், ஒரே தெரு என்ற அளவில் மட்டும் அறிந்தவர்களுக்குத் திருமணத்துக்குப் பிறகு இனிப்போடு சென்று சொல்லலாம். அவர்களில் பலருக்கு அது ஒரு நாள் விடுப்பும் ஒரு பயணமும் மிச்சம்.

5. நாளும் நேரமும்

ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகிய மாதங்களில் திருமணம் வைப்பதைப் பலர் தவிர்க்கிறார்கள். செவ்வாயும் சனியும் பெரும்பாலும் கழிகின்றன. மிஞ்சும் நாள்களில் நாள்காட்டி காட்டும் முகூர்த்தங்கள் சில. அவற்றிலும் வளர்பிறையில், விடுமுறையில் விழுவது மிகச் சில. மாநிலம் முழுவதும் அந்தச் சில நாள்களுக்கே மண்டபமும் சமையல்காரரும் நாதஸ்வரக் குழுவும் தேவைப்படுவதால் விலை ஏறுகிறது. மதுரை மாட்டுத்தாவணியிலும் தோவாளையிலும் மல்லிகையின் விலை முகூர்த்தத்துக்கு முதல் நாள் தாவுவது எல்லோரும் அறிந்ததே. தை மாதத்தில் பனியால் வரத்தும் குறைந்திருப்பதால் தாவல் இன்னும் அதிகம்.

தேய்பிறை முகூர்த்தமோ வேலை நாளில் வரும் முகூர்த்தமோ போதும் என்று இரு வீட்டாரும் ஒப்பினால், மண்டப வாடகையில் பேரம் பேச இடம் கிடைக்கும். ஒரே நாளில் பல திருமணம் இல்லாததால் நல்ல சமையல்காரரும் கிடைப்பார். அதிகாலை முகூர்த்தத்தை எடுத்தால் காலைச் சிற்றுண்டியோடு விழாவை முடித்துக்கொள்ளவும் வழி உண்டு. கோயிலில் தாலி கட்டி, அருகே சிறு கூடத்தில் சாப்பாடு என்பது பழைய வழக்கம். வடபழனி முருகன் கோயில் போன்ற இடங்களில் முகூர்த்த நாளில் வரிசையாகத் திருமணம் நடக்கிறது. மாநகராட்சி, நகராட்சிகளின் சமுதாய நலக்கூடங்களும் தனியார் மண்டபங்களைவிடக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கின்றன.

6. தங்கம்: எது செலவு, எது சேமிப்பு?

"தங்கம் செலவல்ல, சேமிப்பு" என்பது பாதி உண்மை. நகைக்குக் கொடுக்கும் பணத்தில் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது தங்கத்தின் விலை. இது பிற்காலத்தில் விற்றால் அன்றைய விலைக்குத் திரும்பும். அடுத்து வருவது சேதாரமும் செய்கூலியும். சேதாரம் என்பது நகை செய்யும்போது தேய்ந்தும் உருகியும் வீணாவதாகக் கருதப்படும் தங்கத்துக்கான தொகை. செய்கூலி வேலைக்கான கூலி. பல கடைகள் இரண்டையும் சேர்த்து ஒரே சதவீதமாகச் சொல்கின்றன. மூன்றாவது 3 சதவீத ஜிஎஸ்டி. பின்னிரண்டும் கடை வாசலைத் தாண்டியதும் போனவைதான்.

ஒரு பவுன் 8 கிராம். பவுன் ஒரு லட்சம் என்றால் கிராம் 12,500 ரூபாய். ஐந்து பவுன், அதாவது 40 கிராம் ஆரத்துக்குத் தங்கத்தின் விலை 5,00,000. சேதாரம் 18 சதவீதம் என்றால் 90,000; ஜிஎஸ்டி 17,700; ஆக 6,07,700 ரூபாய். அதே எடையில் வேலைப்பாடு குறைந்த, 8 சதவீதச் சேதாரமுள்ள ஆரத்துக்குச் சேதாரம் 40,000, ஜிஎஸ்டி 16,200, ஆக 5,56,200 ரூபாய். கழுத்தில் இருக்கும் தங்கம் இரண்டிலும் ஒரே 40 கிராம்தான். திரும்பாமல் போகும் தொகையோ ஒன்றில் 1,07,700, இன்னொன்றில் 56,200. ஒரே நகையில் 51,500 ரூபாய் வேறுபாடு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சேதாரம் தங்க விலையின் சதவீதமாக இருப்பதால், தங்கம் ஏறும்போது அதுவும் ஏறுகிறது. பவுன் 57,200 ரூபாயாக இருந்தபோது இதே ஆரத்தின் 18 சதவீதச் சேதாரம் 51,480 ரூபாய். பவுன் ஒரு லட்சமானபோது 90,000. பத்தர் செய்த வேலை அதே வேலைதான், பட்டறையில் ஆன நேரமும் அதே நேரம்தான். விலை உயர்வுக் காலத்தில் சேதாரத்தைப் பேசிக் குறைப்பது முன்பைவிட முக்கியமாகிவிட்டது என்பதற்கு இதுவே காரணம். கடையில் கேட்க வேண்டிய கேள்வி "பவுன் என்ன விலை?" என்பதன்று, அது எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான், "இந்த நகைக்குச் சேதாரம் எத்தனை சதவீதம்?" என்பதே.

இந்த அடிப்படையிலிருந்து வரும் முடிவுகள்:

1. தாயின் நகையை உருக்கி மகளுக்குப் புதிது செய்தால் மறுபடியும் முழுச் சேதாரம். அதையே சரிபார்த்து, மெருகு போட்டு அணிவித்தால் அந்தச் செலவே இல்லை.

2. மகளுக்குச் சேமிப்பாகத் தர நினைப்பதை நாணயமாக வாங்கினால் சேதாரம் மிகக் குறைவு. தினமும் அணியக்கூடிய சங்கிலி, வளையல் தவிர மற்றவற்றை இப்படி வைக்கலாம்.

3. மேடைக்கு மட்டும் தேவைப்படும் நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், ஜடைநாகம் போன்றவற்றை வாடகைக்கு எடுப்பதும் கவரிங்கில் அணிவதும் இப்போது எந்த வீட்டிலும் வியப்புக்குரியதாக இல்லை.

4. கல் பதித்த நகையில் கல்லின் எடையைக் கழித்த நிகர எடைக்கே தங்க விலை போட வேண்டும். பில்லில் நிகர எடை, தரம், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியே இருக்க வேண்டும். 22 காரட் என்றால் 916 என்ற முத்திரை இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்யுஐடி எனப்படும், நகைக்கு நகை வேறுபடும் ஆறு இலக்க அடையாள எழுத்தெண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம்.

நகைச் சீட்டுப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான கடைகளில் அது 11 மாதத் திட்டமாக இருப்பதற்குக் காரணம் சட்டம்தான்: பொருளுக்காக வாங்கிய முன்பணத்துக்கு 365 நாள்களுக்குள் பொருளைக் கொடுக்காவிட்டால், நிறுவனங்களுக்கான 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி அது வைப்புத்தொகையாகிவிடும். சேதாரத்தில் தள்ளுபடி கிடைப்பதால் சீட்டு உண்மையிலேயே லாபம் தரலாம். ஆனால் மாதந்தோறும் கட்டும் பணத்தை அன்றைய விலைக்கு எடையாக வரவு வைக்கிறார்களா, ரூபாயாகவே வைத்திருந்து கடைசி நாள் விலைக்கு நகை தருகிறார்களா என்று கேட்க வேண்டும். விலை ஏறும் காலத்தில் இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கும் காப்பீடு இதற்கு இல்லை. கடை மூடப்பட்டால் பணம் திரும்புவது நெடும் போராட்டம். ஆகவே குடும்பத்தின் முழுச் சேமிப்பையும் ஒரே கடையின் சீட்டில் போடக் கூடாது.

7. மண்டபமும் ரொக்கமும்

மண்டப வாடகை என்று சொல்லப்படும் தொகையில் எது அடங்கும் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் பெற வேண்டும். மின்கட்டணம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவுக் கூலி, பாத்திர வாடகை, எரிவாயு ஆகியவை பெரும்பாலும் தனி. வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. மூன்று லட்சம் வாடகை என்றால் வரி மட்டும் 54,000 ரூபாய். சொன்ன தொகை வரியைச் சேர்த்தா, சேர்க்காமலா என்பதைக் கேளாமல் விட்டால் கணக்கு கடைசி நாளில் புரளும். தேதி மாறினாலோ திருமணம் நின்றாலோ முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

ரொக்கத்துக்கும் வரம்பு உண்டு. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பல தவணைகளாகப் பிரித்தாலும் நிகழ்ச்சி ஒன்றுதான். தண்டம் வாங்கியவருக்கு என்றாலும், வங்கி வழியே கொடுத்தால் ரசீதில்லாத் தகராறு நமக்கும் வராது. மணமக்களுக்கு அவர்கள் திருமணத்தில் வரும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. பெற்றோர் பெயரில் வருவதற்கு இந்த விலக்குப் பொருந்தாது என்பதால், பெரிய தொகைகள் மணமக்கள் கணக்குக்கே வருவது நல்லது.

8. கடனும் அரசு உதவியும்

ஐந்து லட்சம் ரூபாய் தனிநபர் கடனை ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 11,630 ரூபாய். 60 மாதத்தில் கட்டுவது ஏறத்தாழ 6,98,000. மேலே சொன்ன திருமணத்தின் மூன்று வேளைப் பந்திச் செலவு, கடன் வழியே வந்தால் இரண்டு லட்சம் ரூபாய் கூடிவிடுகிறது. பல வீடுகளில் இந்தத் தவணையைக் கட்டப்போவது புதிதாகக் குடித்தனம் தொடங்கும் மணமக்களே. தனியாரிடம் அநியாய வட்டிக்கு வாங்குவதைத் தடுக்க 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு முந்தைய வாரத்தில் பணம் தேடி அலைபவர்கள்தான் அதை நினைத்துப் பார்க்க முடியாமல் சிக்கிக்கொள்கிறார்கள்.

அரசு உதவியில் ஒரு குழப்பம் நிலவுகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம் 2022-இல் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. அதனால் எல்லாத் திருமண உதவியும் நின்றுவிட்டதாகப் பலர் கருதுகிறார்கள். விதவை மறுமணத்துக்கான தர்மாம்பாள் அம்மையார் திட்டம், ஏழை விதவையர் மகள்களுக்கான ஈ.வெ.ரா. மணியம்மையார் திட்டம், ஆதரவற்ற பெண்களுக்கான அன்னை தெரசா திட்டம், கலப்புத் திருமணத்துக்கான முத்துலட்சுமி ரெட்டி திட்டம் ஆகிய நான்கும் அந்த மாற்றத்தில் சேரவில்லை. தாலிக்கு 8 கிராம் தங்க நாணயமும் உதவித்தொகையும் அவற்றின் வழியே தரப்படுகின்றன. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரிக்கலாம். இவற்றில் சிலவற்றுக்குத் திருமணத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்பே அந்த அலுவலகத்துக்குப் போய்வர வேண்டும்.